ஆட்டத்துப் பட்டறையைப் பிரித்து மாட்டிய கதை

"அண்ணா, கொல்லர் வேலைல 100 வந்துருச்சு. இனி என்ன பண்றது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, நாங்கள் நடத்தும் ஆன்லைன் ஆட்டத்துக்குள்ளிருந்தே வந்த செய்தி. அனுப்பியவர் ஈரோட்டுப் பக்கம் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். ஆட்டத்தில் எல்லாரும் அவரைப் பட்டறைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கொல்லர் தொழில் திறனை உச்சம் வரைக்கும் கொண்டுபோன முதல் ஆள் அவர்தான். எப்படிப் போனார் என்று சர்வர் பதிவைத் திறந்து பார்த்தேன். குத்துவாள், குத்துவாள், குத்துவாள். பக்கம் பக்கமாகக் குத்துவாள். அடித்து முடித்த கையோடு கடைக்காரப் பாத்திரத்திடம் விற்றிருக்கிறார். இரும்பும் விறகும் வாங்க 10 காசு, குத்துவாளை விற்றால் 12 காசு. திறனும் ஏறியது, ஒவ்வொரு தடவையும் 2 காசு சும்மாவும் வந்தது. ஆனால் அவர் செய்த ஒரு வாளைக்கூட எந்த ஆட்டக்காரரும் இடுப்பில் கட்டவில்லை.

என்ன பண்றது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. "பாக்கறேன்மா" என்று போட்டுவிட்டுக் கணினியை மூடினேன். அன்றைக்கு ஆரம்பித்த வேலை ஏழு மாதம் இழுத்தது.

எங்கள் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. படமே கிடையாது, முழுக்க எழுத்துதான். 'வடக்கே போ', 'வாளை எடு', 'கரடியை அடி' என்று தமிழில் தட்டச்சு செய்தால் பதிலும் தமிழில் வரும். மட் என்று சொல்லும் பழைய வகை. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் ஆரம்பித்து வைத்த குடும்பத்தின் கடைக்குட்டி என்று வைத்துக்கொள்ளலாம். எவென்னியா என்ற திறமூல விளையாட்டு இயந்திரத்தின் மேல் ஓடுகிறது, அது பைதான் நிரல்மொழியில் எழுதியது. நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து நடத்துகிறோம். ஒரு நல்ல இரவில் பத்துப் பன்னிரண்டு பேர் உள்ளே இருப்பார்கள். பகலில் நான் கணக்கு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன்.

முதலில் நோய் எங்கே என்று பார்த்தேன். எங்கள் ஆயுத அமைப்பு டிக்குமட் பாணியில் இருந்தது. 1991இல் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதி வெளியிட்டது டிக்குமட். தலைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்று உடுத்தும் இடங்கள் இருக்கும். மாட்டினால் எண் கூடும், கழற்றினால் குறையும். அதைப் பார்த்து நாங்கள் செய்தபோது ஒவ்வொரு பொருளின் எண்களையும் அன்றன்றைக்குத் தோன்றிய மாதிரி போட்டிருந்தோம். குகைக்குள் இருக்கும் பெரிய எதிரியான பாஸை அடித்தால் கிடைக்கும் வாளின் எண்ணை நான் போட்டது ஒரு தீபாவளி விடுமுறையில், நல்ல உற்சாகத்தில். அந்த வாள் கையில் வந்துவிட்டால் பிறகு வேறு எதுவும் தேவையில்லை. அது உடையாது, மழுங்காது, காணாமலும் போகாது. வாரம் ஒருமுறை பாஸ் உயிர்த்தெழும், வாரம் ஒரு வாள் ஊருக்குள் வரும். வந்த வாள் போக வழியே கிடையாது. கொஞ்ச நாளில் எல்லார் கையிலும் அதே வாள். அப்புறம் பட்டறைக்காரி அடிக்கும் குத்துவாளை யார் வாங்குவார்கள்?

இது எனக்கு அப்போது சரியாகப் பிடிபடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நோய் கிராஃப்டிங்கில், அதாவது பொருள் செய்யும் வேலையில்தான் இருக்கிறது, அது சுவாரசியமாக இல்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அதனால் முதல் மருந்து தப்பாகப் போனது.

முதலில் டையாப்லோ என்ற ஆட்டத்தைப் பார்த்துச் செய்தேன். அதில் பொருளின் பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டுகள் வரும், ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு கூடுதல் சக்தி, எது வரும் என்பது அதிர்ஷ்டம். வாள் அடித்தால் 'கூரிய', 'கனத்த', 'சபிக்கப்பட்ட' என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொள்ளும்படி எழுதினேன். 20இல் ஒன்று மிக நல்ல ஒட்டு. முதல் வாரம் ஒரே கொண்டாட்டம். இரண்டாம் வாரம் பட்டறைக்காரி மறுபடியும் செய்தி அனுப்பினார், 20 வாள் அடித்தும் ஒன்றுகூட வரவில்லையாம். நிரலில் பிழையோ என்று தேடினேன். பிழை இல்லை, கணக்கே அப்படித்தான். ஒரு தடவை கிடைக்காமல் போகும் வாய்ப்பு 95 சதவீதம். அதை 20 தடவை பெருக்கினால் கிட்டத்தட்ட 36 சதவீதம் வரும். அதாவது 100 பேர் ஆளுக்கு 20 வாள் அடித்தால் 36 பேர் வெறுங்கையோடுதான் எழுந்திருப்பார்கள். அதைவிட மோசம், மற்ற 19 வாள்களும் குப்பை. கொல்லர் என்றால் தொழில்காரர். நான் அவரை லாட்டரிச் சீட்டு சுரண்டுகிறவராக ஆக்கி வைத்திருந்தேன்.

இரண்டாவது முயற்சிக்கு யோசனை சொன்னது கூட நடத்தும் நண்பன். அவன் பழைய ரக்னராக் ஆன்லைன் பைத்தியம். அதில் ஆயுதத்தைப் படிப்படியாக +10 வரை மெருகேற்றலாம். முதல் நிலை ஆயுதமென்றால் +7 வரை பயமில்லை, நான்காம் நிலை ஆயுதமென்றால் +4 வரைதான். அதற்கு மேலே போகப் பார்த்துத் தவறினால் ஆயுதமே உடைந்து போகும். "பொருள் வெளியே போகவும் வழி வேணும்ல, இதோ வழி" என்றான். சரி என்று எழுதினேன். பயமில்லாத படிகளைத் தாண்டி நான்கு படி, படிக்கு 60 சதவீத வாய்ப்பு. 60 சதவீதம் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான்கு தடவை பெருக்கிப் பார்த்தால் 13 சதவீதம்கூடத் தேறாது. இதை எழுதும்போது நான் பெருக்கிப் பார்க்கவில்லை. ஒரு சனிக்கிழமை இரவு, மூன்று வருடமாக விளையாடும் ஒருவர் தன் வாளைக் கடைசிப் படிக்குக் கொடுத்தார். 'வாள் சுக்குநூறாக நொறுங்கியது' என்று திரையில் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. 'வெளியேறு' என்று ஒரே சொல். அதற்கப்புறம் ரொம்ப நாள் ஆளைக் காணோம்.

இந்த நொறுங்குதல் எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று அப்புறம்தான் புரிந்தது, அதுவும் கணினிக்கு முன்னால் அல்ல. சித்திரையில் ஊருக்குப் போனபோது மாமா தென்னந்தோப்பு அருவாளைக் கொடுத்து, கொல்லர் பட்டறையில் காய்ச்சித் தட்டிக்கொண்டு வரச் சொன்னார். பட்டறை என்றால் வேப்பமரத்தடியில் ஒரு உலை, கையால் சுற்றும் காற்றுப் பெட்டி, மண்ணில் பாதி புதைந்த பட்டடைக்கல். கொல்லர் அருவாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு தட்டுத்தான் தாங்கும் தம்பி, அப்புறம் கதிரறுக்கத்தான் ஆகும்" என்றார். மாமா வாங்கியபோது அது நான்கு விரல் அகலம் இருந்ததாம். இப்போது இரண்டரை இருக்கும். ஒவ்வொரு தடவை காய்ச்சித் தட்டித் தீட்டும்போதும் கொஞ்சம் போகிறது. நல்ல கை தட்டினால் கொஞ்சமாகப் போகும், கத்துக்குட்டி தட்டினால் நிறையப் போகும். ஒருநாளும் சுக்குநூறாக நொறுங்குவதில்லை. தேய்கிறது, அவ்வளவுதான். தேய்வது கண்ணுக்குத் தெரிவதால் மாமா அடுத்த அருவாளுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே போனில் கணக்குப் போட்டேன். ஒரு வாளின் உழைப்பு 100. ஓர் அடிக்கு 1 குறையும். தீர்ந்ததும் கொல்லரிடம் கொடுத்துப் பழுது பார்க்கலாம், ஆனால் ஒவ்வொரு பழுதுக்கும் அதன் உச்ச உழைப்பே குறையும். கத்துக்குட்டி பார்த்தால் 10, தேர்ந்த கை பார்த்தால் 5. உச்சம் 30க்குக் கீழே போய்விட்டால் பழுது பார்க்க முடியாது, உருக்கித்தான் ஆகவேண்டும். கத்துக்குட்டியிடமே கொடுத்துக்கொண்டிருந்தால் 100, 90, 80 என்று இறங்கி 30 வரை மொத்தம் 520 அடி. தேர்ந்த கையிடம் கொடுத்தால் 100, 95, 90 என்று இறங்கி 975 அடி. அதே வாள், கிட்டத்தட்ட இரட்டை ஆயுள். பட்டறைக்காரியின் 100 திறனுக்கு முதல் தடவையாக ஓர் அர்த்தம் வந்த மாதிரி இருந்தது. அதுவும் அவர் புதிதாக ஒன்றும் செய்யாமல், பழசைத் தட்டிக் கொடுப்பதிலேயே.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 1997இல் வந்த அல்டிமா ஆன்லைனிலும் 2003இல் வந்த ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸிலும் பொருட்கள் தேய்ந்தன, பழுது பார்க்கப் பார்க்க உச்சமும் குறைந்தது. ஈவ் ஆன்லைனில் வெடித்துப்போன கப்பல் வெடித்ததுதான், இன்னொருவர் செய்ததைத்தான் வாங்கவேண்டும். தொழில் செய்கிறவருக்கு வேலை இருந்த ஆட்டங்களில் எல்லாம் பொருள் எப்படியோ தீர்ந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு அதைப் படித்து உறைக்கவில்லை, அருவாளைக் கையில் பிடித்தபோது உறைத்தது.

தேய்மானத்தை எழுதி ஏற்றிய மறுநாளே ஒரு ஓட்டை. சிலர் பழக்கதோஷத்தில் 99 இருக்கும்போதே பழுதுக்குக் கொடுத்தார்கள். 1 கூடியது, உச்சத்தில் 10 போனது. திட்டு வாங்கினேன், நியாயமான திட்டு. எத்தனை அடி மீட்கிறோமோ அதற்கேற்ற பங்குதான் உச்சத்தில் குறையவேண்டும் என்று மாற்றினேன். இன்னொன்றும் சேர்த்தேன். 'வாளைப் பார்' என்றால் எண்ணோடு சேர்த்து, 'அலகு மெலிந்திருக்கிறது, இன்னும் சில தட்டுகள்தான் தாங்கும்' என்று ஒரு வரி வரும். அந்தக் கொல்லர் சொன்னதேதான்.

அடுத்தது எண்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தோன்றியதைப் போடுவதை நிறுத்தி, புள்ளிக் கணக்கு வைத்தேன். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் போன்ற பெரிய ஆட்டங்களில் பொருளுக்கு ஒரு நிலை இருக்கும், அந்த நிலைக்கு இவ்வளவு சக்திதான் என்று வரம்பும் இருக்கும். அதன் ஏழை வீட்டு வடிவம் இது. இடைநிலை வாளுக்கு மொத்தம் 40 புள்ளி. தாக்கு 1 கூட்ட 4 புள்ளி, குறி 1 கூட்ட 2, எடையை ஒரு படி குறைக்க 3. தாக்கு 6, குறி 5, எடை 2 படி என்றால் சரியாக 40. தாக்கை 4 ஆக்கி, குறி 6, எடை 4 படி என்றாலும் 40. ஒன்று முன்வரிசையில் நின்று அடிக்கிறவருக்கு, மற்றது காட்டுக்குள் ஓடிக்கொண்டே அடிக்கிறவருக்கு. எது நல்ல வாள் என்று கேட்டால் யாருக்கு என்று திருப்பிக் கேட்கலாம். இதே அளவுகோலை அந்தத் தீபாவளி வாள் மேல் வைத்துப் பார்த்தேன். தாக்கு 15, குறி 14, எடை 2 படி. 94 புள்ளி. இரண்டு வாளைக் கட்டிச் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது.

எண்ணை ஏற்றிக்கொண்டே போனால் ஒருநாள் இறக்கவேண்டி வரும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டே 2014இல் எல்லா எண்களையும் ஒட்டுமொத்தமாகச் சுருக்கியது. பத்துப் பேர் விளையாடும் ஆட்டத்தில் நான் சுருக்குவதற்கு வெட்கப்படவேண்டியதில்லை என்று தேற்றிக்கொண்டேன்.

உலோகங்களுக்குத் தனித்தனிக் குணம் கொடுத்தது இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. எவென்னியாவோடு கூடுதலாக ஒரு கிராஃப்டிங் தொகுப்பு வருகிறது. ஒவ்வொரு செய்முறையும் நிரலில் ஒரு தனி வகுப்பு (கிளாஸ்). எந்தக் கருவி வேண்டும், எந்தப் பொருள் தீரும் என்பதை அடையாளச் சீட்டு ஒட்டிச் சொல்கிறோம். கருவி மிஞ்சும், பொருள் தீரும். அதில் மாதிரிக்கு ஒரு வாள் செய்முறை இருக்கிறது. இரும்பிலிருந்து மூசை எஃகு (மூசை என்றால் உலோகம் உருக்கும் மண்கலம்), அதிலிருந்து அலகு, தனியாகக் கையைக் காக்கும் காப்பு, பிடியின் முனைக் குமிழ், தோல் சுற்றிய பிடி, கடைசியில் எல்லாம் சேர்ந்து வாள். மூசை எஃகு என்ற சொல்லைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது, பட்டறைக்காரியின் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளும் மூசைகளும் கிடைத்தன. உலகத்துக்கே எஃகு அனுப்பிய மண்ணில் உட்கார்ந்துகொண்டு, இரும்பு 2, விறகு 1 என்று எழுதி வைத்திருந்தேன்.

அதனால் எஃகுச் செய்முறையைத் தெற்கே பார்த்து மாற்றினேன். நம் பக்கத்தில் எஃகு உருக்கியதைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டில் எழுதியவர்கள், சிறு களிமண் மூசைக்குள் இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரம் விறகையும் போட்டு, மேலே எருக்கிலை வைத்து, களிமண்ணால் வாயைப் பூசி, உலையில் ஊதினார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். விறகிலும் இலையிலும் இருக்கும் கரி இரும்புக்குள் ஏறும். அதுதான் இரும்பை எஃகாக்குகிறது. இப்போது எங்கள் ஆட்டத்தில் எஃகு வேண்டுமென்றால் ஒருவர் ஆவாரம் பறிக்கப் போகவேண்டும், ஒருவர் எருக்கு. இரண்டும் மேட்டுக்காட்டில் விளையும். அங்கே புதிதாக வந்த ஆட்டக்காரர்கள்கூடப் பயமில்லாமல் போகலாம். இதுவரை அவர்களிடம் பெரியவர்கள் வாங்கிக்கொள்ள எதுவுமே இருந்ததில்லை. வெண்கலம் துருப்பிடிக்காது, ஆனால் தாக்கில் உச்சம் குறைவு. இரும்பு மலிவு, மழைக்காலத்தில் வேகமாகத் தேயும். எஃகு கூர்மை, ஆனால் பழுது பார்க்கத் தேர்ந்த கை வேண்டும். ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸைப் பார்த்து இன்னொன்றும் எடுத்தேன். அதில் ஒரே வகை உலோகமே இடத்துக்கு இடம் வெவ்வேறு தரத்தில் கிடைத்தது, கொஞ்ச நாளில் அந்த ஊற்றே தீர்ந்துபோனது. எங்களுக்கு மூன்று மலை. மாதத்துக்கு ஒருமுறை எந்த மலையில் எந்தத் தரம் என்பது மாறும். பட்டறைக்காரி இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமே போட்டிருக்கிறார். நிஜ நோட்டு, கோடு போட்டது.

இனி எங்களைப் பாடாய்ப் படுத்தியது எது என்று சொல்கிறேன். தமிழ் இலக்கணம்.

முன்பு பொருள்கள் குறைவு, ஒவ்வொன்றின் பெயரையும் கையால் எழுதியிருந்தோம். இப்போது உலோகமும் வடிவமும் சேர்ந்து பெயர் தானாக உருவாகவேண்டும். முதல் நாள் திரையில் வந்தது: 'நீ வெண்கலம் கேடயம்ஐ எடுத்தாய்.' விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெண்கலமும் கேடயமும் சேர்ந்தால் வெண்கலக் கேடயம். மரமும் கேடயமும் மரக் கேடயம். எஃகும் கவசமும் எஃகுக் கவசம், ஆனால் எஃகு வாளுக்கு ஒற்று வராது. கடைசியில் 'ம்' இருந்தால் அதை எடு, அடுத்த சொல் க, ச, த, ப இவற்றில் ஒன்றில் தொடங்கினால் ஒற்றைப் போடு என்று விதி எழுதினேன். மூங்கில், தோல் போன்றவை இதற்கு அடங்கவில்லை. அவற்றைத் தனிப் பட்டியலில் போட்டேன். 'கேடயம்' நமக்கு 4 எழுத்து, கணினிக்கு 6 குறியீடு. ஏகாரக் கொம்பு ஒன்று, புள்ளி ஒன்று தனியாக நிற்கும். 'ம்' என்பதை எடுக்க ஒன்றல்ல, இரண்டு குறியீடு வெட்டவேண்டும். இதை மறந்ததால் ஒரு மாலை முழுக்கக் 'கேடயமத்தை' விற்றுக்கொண்டிருந்தது கடை.

அப்புறம் வேற்றுமை. வாள் வாளை ஆகும், வில் வில்லை ஆகும். கேடயம் கேடயத்தை. தகடு தகட்டை, கயிறு கயிற்றை. ஆனால் நூல்கண்டு நூல்கண்டைதான், 'நூல்கண்ட்டை' அல்ல. பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரம் நடத்தும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்ததற்கு இப்போது தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். உயிர்த்தொடருக்கும் மென்தொடருக்கும் உள்ள வித்தியாசம் எதற்கு என்று யாராவது கேட்டால் ஆன்லைன் விளையாட்டில் கயிறு திரிப்பதற்கு என்று இனிமேல் சொல்வேன்.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழைக்கு மூன்று நாள் போனது. ஒரே ஒருவருக்கு மட்டும் 'கொடு' கட்டளை வேலை செய்யவில்லை. வாளைக் கொல்லரிடம் கொடுத்தால்தானே பழுது பார்க்க முடியும்? கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. கடைசியில் குறியீடு குறியீடாகப் பிரித்தபோதுதான் தெரிந்தது, அவருடைய விசைப்பலகை ஒகரத்தை ஒரே குறியாக அனுப்பாமல் எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அனுப்பியிருக்கிறது. யுனிகோடில் இரண்டும் செல்லும், இரண்டும் திரையில் 'கொ' என்றே தெரியும், ஆனால் நிரலுக்கு இரண்டும் வெவ்வேறு. உள்ளே வரும் எல்லா எழுத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வரி ஒன்றைச் சேர்த்ததும் சரியானது. பைதானில் அதற்கு ஆயத்தமான கருவி இருக்கிறது. தமிழில் எதையாவது எழுதுகிறவர்கள் முதல் நாளே இதைப் போட்டுவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்து பழைய பொருள்களைப் புதிய கணக்குக்கு மாற்றும் நாள் வந்தது. தரவுத்தளத்தை நகலெடுத்து அதன்மேல் ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. நிஜ சர்வரில் ஓட்டினேன். எவென்னியாவில் ஆட்டக்காரர்களின் இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் பகுதி தனி, ஆட்டத்தை நடத்தும் பகுதி தனி. அதனால் யாரையும் வெளியே தள்ளாமலே மறுபடி ஏற்றலாம். பெருமையாக ஏற்றினேன். அரை மணி நேரத்தில் ஒருவர் வெறுங்கையால் கரடியைக் கொன்றார்.

நடந்தது இதுதான். பழைய பாணியில், ஒரு பொருளை மாட்டும்போது அதன் எண்ணை ஆளின் எண்ணோடு கூட்டி எழுதிவிடுவோம், கழற்றும்போது கழிப்போம். அவர் பலம் 8 கூட்டும் கையுறையை மாட்டியிருந்தார். மாட்டியிருக்கும்போதே நான் அதை 5 ஆக மாற்றினேன். கழற்றியபோது 5தான் கழிந்தது, 3 உடம்பிலேயே தங்கிவிட்டது. தலை, உடம்பு, கை, கால் என்று மாட்டியிருந்த ஒவ்வொன்றுக்கும் இப்படி மிச்சம். நகலில் ஓட்டியபோது ஏன் தெரியவில்லை? நகலில் யாரும் எதையும் கழற்றிப் பார்க்கவில்லையே! ஆளின் எண்ணைத் தொடவே கூடாது, கேட்கும்போதெல்லாம் பிறவி எண்ணோடு மாட்டியிருப்பவற்றைக் கூட்டிச் சொல்லவேண்டும் என்று அன்று இரவே மாற்றி எழுதினேன். கணக்கு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். இருப்பைத் தனியாக எழுதி வைக்காதே, வரவு செலவிலிருந்து எடு என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. கரடி செத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பாஸ் விஷயத்தில் சண்டை வந்தது. இனிமேல் பாஸை அடித்தால் வாள் விழாது, வாளுக்கு வேண்டிய அபூர்வப் பொருள் விழும். அதைக் கொல்லரிடம் கொண்டுபோய்த்தான் வாளாக்கவேண்டும் என்று அறிவித்தேன். "நாங்க உசுரக் குடுத்து அடிக்கறோம், கொல்லனுக்கு எதுக்குக் கூலி?" என்றார்கள். தீபாவளி வாள் வைத்திருந்தவர்களுக்கு அதைப் பிடுங்கவில்லை. தேய்மானம் மட்டும் அதற்கும் உண்டு என்றேன், எண்ணையும் 94இலிருந்து ஒரே அடியாக இறக்காமல் விட்டேன். இது சமரசம்தான், எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் கையில் இருப்பதைப் பிடுங்கினால் ஆள் போய்விடுவார் என்பதை அந்த 'வெளியேறு' கற்றுக் கொடுத்திருந்தது. ஏலக் கடை ஒன்று வையுங்கள், கொல்லரைத் தேடி அலைய வேண்டாம் என்றும் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். டையாப்லோ 3இல் ஏலக் கடை வைத்துப் பார்த்து, 2014 மார்ச்சில் அவர்களே மூடினார்கள். பூதத்தை அடிப்பதைவிடக் கடையில் வாங்குவதே லாபம் என்று ஆகிவிட்டது. பத்துப் பேர் ஊரில் கொல்லரைத் தேடி அலையட்டும், என்ன இப்போது?

கடைக்காரப் பாத்திரம் இப்போது குத்துவாளை 12 காசுக்கு எடுப்பதில்லை. பழைய இரும்பின் எடைக்குத்தான் எடுப்பான். செய்த பொருளில் செய்தவர் பெயர் தெரியும். அல்டிமா ஆன்லைனில் தேர்ந்த கொல்லரின் சிறந்த வேலைப்பாட்டில் அவர் பெயர் பொறிக்கப்படும், அந்த வழக்கம்தான். நான் எழுதியதிலேயே சின்ன மாற்றம் இது, பத்து வரிகூட இல்லை. ஆனால் பட்டறைக்காரியின் வாசலில் வரிசை நின்றது இதற்குப் பிறகுதான். அவர் பெயர் இருந்தால் தேய்மானம் குறைவு என்று ஒரு வதந்தி வேறு. அப்படி எதுவும் நான் எழுதவில்லை, மறுக்கவும் இல்லை.

நொறுங்கிய வாளோடு போனவர் போன மாதம் திரும்பி வந்தார். பட்டறைக்காரியிடம் வேறு வாள் செய்து வாங்கினார், அது தேய்ந்து உருக்கும் கட்டத்துக்கும் வந்தது. உருக்கக் கொடுக்கும்போது, "பிடிய மட்டும் கழட்டிக் குடுக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் செய்முறையில் உருக்கினால் உலோகத்தில் பாதி திரும்பும், மற்றதெல்லாம் எரிந்துபோகும். பட்டறைக்காரி எனக்குச் செய்தி அனுப்பினார்: "அண்ணா, நிஜத்துல அருவா தேஞ்சாலும் பிடிய மாத்தி மாட்டுவாங்கல்ல?"

அன்று இரவு உட்கார்ந்து, உருக்கும்போது பிடியும் குமிழும் தனியாகக் கழன்று வரும்படியும், அலகுச் செய்முறை பழைய பிடியை ஏற்றுக்கொள்ளும்படியும் எழுதினேன். மறுநாள் அவர் வாளைப் பார்த்தேன். 'எஃகு வாள். அலகு புதியது. பிடியில் சுற்றிய தோல் கைபட்டுக் கறுத்திருக்கிறது.'